இந்துப்ரியாவின் இரத்தம்

எனக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுத் தந்தவள் இந்துப்ரியா. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு எனக்குத் தல்லாகுளம் அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போக முடியவில்லை என்று நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, பழங்காநத்தத்தில் பெண்களுக்கு மட்டும் வண்டி சொல்லித் தருகிற ஒருத்தி இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். காலை வேளையில் ஒரு காலி மைதானத்தில்தான் வகுப்பு. திருவாதவூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து கற்றுக்கொண்டு போனவர்கள்கூட உண்டு.

அவள் ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். நாம் வண்டியை நகர்த்தினால் பக்கத்திலேயே ஓடி வருவாள். "சக்கரத்தப் பாக்காதீங்கக்கா, தூரத்தப் பாருங்க. விழுந்தா விழுங்க, நான் இருக்கேன்ல" என்று சொல்லிக்கொண்டே வருவாள். ஒருத்தியை விட்டுவிட்டு அடுத்தவளிடம் ஓடுவாள். மூச்சு வாங்காது. உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஒருநாள் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பிறகு வந்தபோது மைதானத்தின் ஓரத்திலேயே நின்றுகொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "மூணு மாசம்க்கா. தங்கல."

அவள் வீட்டில் மூன்று பேர். கணவன் வெங்கடேஷ்பாபு செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். இரத்தத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். மாமியார் சுந்தரவல்லி. இவர்கள் சௌராஷ்டிரர்கள், வீட்டுக்குள் பேச்செல்லாம் சௌராஷ்டிரத்தில்தான். எனக்குச் சொல்லும்போது இந்துப்ரியா அதைத் தமிழாக்கிச் சொல்வாள். மாமியார் அன்றைக்குச் சொன்னதை அவள் சொன்னது இப்படி: "நாள் பூரா அடுத்தவ வண்டி பின்னால குதிச்சு ஓடுனா, கரு எப்படித் தங்கும்?"

அதை அவள் நம்பிவிட்டாள். அதனால்தான் இரண்டாம் முறை நாள் தள்ளிப்போனதும் மைதானத்தை விட்டுவிட்டாள். வண்டிச் சாவியைத் தன் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொல்லிக் கணவனிடம் கொடுத்துவிட்டாள். மாடிப்படி ஏறவில்லை. சமையலும் மாமியார்தான். அந்தச் சின்ன வீட்டின் கட்டிலில், நிற்கவே தெரியாத ஒரு பெண் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். நான் பார்க்கப் போனால் கால் கட்டைவிரல்களை மட்டும் ஓயாமல் ஆட்டிக்கொண்டிருப்பாள். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் நெஞ்சு துடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "நான் உக்காந்தேதான இருந்தேன்க்கா. அசையவே இல்லையே. அப்புறம் ஏன் போச்சு?"

அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் டாக்டர் சுபலட்சுமி. குழந்தையோடு வெளியே வந்த நஞ்சுக்கொடியை அவர் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் அங்கங்கே இரத்தம் உறைந்து கட்டியிருந்ததாக முடிவு வந்தது. அதன் பிறகு இந்துப்ரியாவின் இரத்தத்தை எடுத்தார்கள். இரத்தம் தேவையில்லாத இடத்தில் உறைகிறதோ என்ற சந்தேகம் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும் என்றார் டாக்டர்.

அந்த மூன்று மாதமும் அவள் இருப்புக்கொள்ளாமல் திரிந்தாள். மறுபடி மைதானத்துக்கு வந்தாள். ஆனால் சொல்லித் தருவதில் மனம் நிற்கவில்லை. பாதியில் போனை எடுத்து எதையாவது படிப்பாள், முகம் வெளுத்துப்போய் அதைப் பைக்குள் போடுவாள், மறுபடி எடுப்பாள். தன் உடம்புக்குள் தனக்குத் தெரியாமல் என்னவோ நடக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டால், அதற்கு எதிராக என்ன செய்வதென்று யாருக்குத்தான் தெரியும்?

இரண்டாவது முடிவு வந்த அன்று நானும் கூடப் போனேன். வெங்கடேஷ்பாபு எங்களோடு உள்ளே வந்து கதவோரமாக நின்றுகொண்டான்.

"கை அறுபட்டா ரத்தம் கொஞ்ச நேரத்துல நின்னுடுதுல்ல, எப்படி நிக்குது?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒறைஞ்சுபோகும்," என்றாள் இந்துப்ரியா.

"அதுக்கு மொதல்ல பிளேட்லெட் ஓடி வரும். டெங்கு வந்தா கொறையுதுன்னு பயப்படுறோமே, அதுதான். அறுபட்ட எடத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு அடைக்கப் பாக்கும். அது மட்டும் தாங்காது. ரத்தத்துல கரைஞ்சு கெடக்குற சில புரதங்க ஒண்ணை ஒண்ணு தட்டி எழுப்பி, கடைசியில நூல் நூலா ஒரு வலை உண்டாகும். அந்த வலையில ரத்த அணுவெல்லாம் மாட்டி இறுகிப்போகும். அதுதான் கட்டி. இது நமக்கு வேணும். இல்லேன்னா ஒரு சின்னக் கீறல்லயே உசுரு போயிரும்."

"அப்ப எனக்கு?"

"ஒறையுறது காயம் பட்ட எடத்தோட நிக்கணும். ஒடம்பெல்லாம் பரவக் கூடாது. அதனால போதும்னு நிறுத்துற புரதங்களும் ரத்தத்துலயே ஓடிக்கிட்டு இருக்கு. காயம் ஆறுனா அந்த வலையக் கரைக்கிறதும் இருக்கு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எந்நேரமும் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். ஒங்க ஒடம்பு, நோயை எதுக்குறதுக்குன்னு உண்டாக்குற பொருளத் தப்பா உண்டாக்கி, நிறுத்துற பக்கத்தப் பலவீனமாக்கி வச்சிருக்கு. அதனால காயமே இல்லாத எடத்துலயும் ஒறையுது. நஞ்சுக்கொடியில ரத்தக் குழாயெல்லாம் முடி மாதிரி மெலிசு. அதுல கட்டி விழுந்தா பிள்ளைக்குப் போறது நின்னுபோகும்."

இந்துப்ரியா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். பிறகு கேட்டாள், "வண்டி பின்னால ஓடுனதாலயா?"

"இல்லவே இல்ல. சொல்லப்போனா நீங்க இப்படி மாசக்கணக்குல அசையாம உக்காந்திருக்கவே கூடாது. கால்ல ரத்தம் கட்டிக்கும். நடங்க."

அப்போதுதான் அழுதாள். அவளுக்குள் அடைத்துக்கிடந்த எதுவோ விட்டுப்போனது போல, சத்தம் போட்டு அழுதாள். கதவோரம் நின்ற வெங்கடேஷ்பாபு வந்து அவள் தோளில் கை வைத்தான்.

வழி இருக்கிறது என்றார் டாக்டர். அடுத்த முறை கரு உறுதியானதும் தினம் ஒரு மாத்திரை, தினம் வயிற்றில் ஒரு ஊசி. இரத்தம் எளிதில் உறையாமல் பார்த்துக்கொள்கிற ஊசி அது. பிரசவம் வரைக்கும் போடவேண்டும், பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் போடவேண்டும். "இந்த மருந்து பிள்ளை ஒடம்புக்குள்ள போகாது. பயப்படாதீங்க. ஆனா நூத்துக்கு நூறு பலிக்கும்னு நான் சொல்லமாட்டேன்."

வெங்கடேஷ்பாபு மெதுவாக, "தெனமும் யாரு டாக்டர் போடுறது?" என்று கேட்டான். அவன் நெற்றி வியர்த்திருந்தது.

"நானே போட்டுக்கிறேன்," என்றாள் இந்துப்ரியா.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அவள் மறுபடி கருவுற்றாள். காலையில் பல் துலக்கியதும் வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, ஊசியை நேராக இறக்குவாள். ஒருநாள் இடப்பக்கம், ஒருநாள் வலப்பக்கம். சில வாரங்களிலேயே வயிறெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போனது. மாமியாருக்கு அதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. "நிக்காத கருவுக்கு ரத்தத்த வேற தண்ணியாக்குறாங்களே, வழிஞ்சே போயிடாதா?" என்று மகனிடம் சண்டை போட்டிருக்கிறாள்.  அவனுக்குள்ளும் அந்தப் பயம்தான் இருந்தது.

இரண்டாம் மாதம் முடிகிற சமயம், ஒரு காலையில் எனக்குப் போன் வந்தது. "அக்கா, ரத்தம் படுது," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நான் போனபோது அவள் வீட்டுக்குள் சுவருக்கும் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மாமியார் ஊசியைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலை மறித்து நின்றாள். டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார், போனில் பேச முடியாது, உடனே கிளம்பி வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"ஏற்கெனவே ரத்தம் போகுது. இன்னும் ஒறையாம இருக்க ஊசி குத்துவாளாம். நீங்களே சொல்லுங்கம்மா, யாராச்சும் செய்வாங்களா இப்படி?" என்று சுந்தரவல்லி என்னிடம் தமிழில் கேட்டாள்.

 எனக்கும் அவள் சொல்வதே சரி என்று பட்டது. "டாக்டர்ட்டயே கேட்டுருவோம், வாங்க," என்று மட்டும் சொன்னேன். நான்கு பேரும் ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் இந்துப்ரியா கம்பியைப் பிடித்த கையை எடுத்து எடுத்துப் பிடித்தாள். சிக்னலில் வண்டி நின்றபோது, இறங்கி நடக்கவா என்று கேட்டாள்.

ஸ்கேன் அறையில் இருட்டாக இருந்தது. திரையில் ஒரு புள்ளி வேகவேகமாகத் துடித்தது. டாக்டர் அதைக் காட்டினார். "இருக்கு. நல்லா துடிக்குது. பக்கத்துல கொஞ்சம் ரத்தம் கசிஞ்சு நிக்குது, பாருங்க. இன்னைக்கு ஊசி போட்டீங்களா?"

"போடல. பயமா இருந்துச்சு."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "மறைக்காம சொல்றேன். இதுல எனக்கும் முழு நிச்சயம் கெடையாது. ஊசிய நிறுத்துனா கசிவு சீக்கிரம் நிக்கலாம். ஆனா நஞ்சுக்கொடியில கட்டி விழுந்தா, ரெண்டு தடவ நடந்தது மறுபடி நடக்கும். கசிவு கொஞ்சம்தான். அதனால போட்டுக்கிட்டே போகலாம்னுதான் நான் நெனைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

அந்த அறையில் எல்லோரும் இந்துப்ரியாவைப் பார்த்தார்கள். அவள் மாமியாரைப் பார்த்தாள். வீட்டிலிருந்தே அவள் பிடித்துக்கொண்டு வந்த ஊசிக்காகக் கையை நீட்டினாள், பின்னுக்கு இழுக்கவில்லை. சுந்தரவல்லி ஊசியைத் தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மூடியிருந்த விரல்களைத் திறந்தாள், அவ்வளவுதான். இந்துப்ரியா அதை எடுத்து, அங்கேயே புடவையை விலக்கிப் போட்டுக்கொண்டாள்.  ஊசியை வெளியே எடுத்ததும் அந்த அறைக்குள்ளேயே நடக்க ஆரம்பித்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் குளியலறைக்குப் போய் வருகிற ஒவ்வொரு தடவையும் வீடே அவள் முகத்தைப் பார்த்தது. கசிவு குறைந்தது. பழுப்பானது. ஒருநாள் நின்றது. கோயிலுக்கு நேர்ந்துகொண்டதாக மாமியார் சொன்னாள். ஊசியைப் பற்றி அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் மாதம்தான் மோசமாக இருந்தது. போன முறை குழந்தை போன மாதம். அவள் மைதானத்துக்கு வந்து வண்டி ஓட்டுகிறவர்களைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஓடக் கூடாது என்பதற்காகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பேச்சை நடுவில் நிறுத்தி வயிற்றைத் தொடுவாள். உள்ளே அசைவு இல்லையென்றால் ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருப்பாள். அசைந்ததும், விட்ட இடத்திலிருந்து "ஆங், பிரேக்க மொத்தமா பிடிக்காதீங்க" என்று தொடர்வாள். புதிதாக வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஐந்தாம் மாதம் போனது. ஆறு, ஏழு, எட்டும் போயின. அவளுடைய அமைதியின்மை மட்டும் போகவில்லை. வயிறு வளர வளர அதுவும் வளர்ந்தது.

காரணம் இருந்தது. இத்தனை மாதம் உறையக் கூடாது என்று பார்த்துக்கொண்ட இரத்தம், பிரசவ நேரத்தில் உறைந்தாக வேண்டும். இல்லையென்றால் தாய்க்கு ஆபத்து. அதனால் ஒரு நாளைக் குறித்து, முந்தின நாளே ஊசியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருந்தார் டாக்டர். "அதுக்கு முன்னால வலி வந்தா ஊசி போடாம ஓடி வந்திருங்க," என்றும் சொல்லியிருந்தார்.

குறித்த திங்கட்கிழமைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போல ஊசி போட்டாள். காப்பி குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தபோது பனிக்குடம் உடைந்தது.

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் கையை விரித்தார். இந்த ஊசி போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆகாமல், இடுப்புக்குக் கீழே மரத்துப்போவதற்கான ஊசியை முதுகுத்தண்டில் குத்த முடியாது. குத்தினால் அங்கே இரத்தம் கசிந்து தேங்கி, கால் விளங்காமல் போகலாம். இடையில் அவசரமாக அறுக்க வேண்டி வந்தால் முழு மயக்கம்தான், இரத்தப்போக்கும் கூடுதலாகவே இருக்கும். ஆகவே இருட்டும் வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும், இல்லையென்றால் குழந்தை தானாக வந்துவிட வேண்டும். இரத்தம் கொடுக்க ஆள் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வெங்கடேஷ்பாபு, இரத்தத்தைப் பார்க்க முடியாத வெங்கடேஷ்பாபு, தன் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வந்து, முதல் ஆளாகத் தானே படுத்தான்.

வலி நெருங்க நெருங்க இந்துப்ரியாவால் படுக்க முடியவில்லை. நடக்கவிடுங்கள் என்று கேட்டாள். டாக்டர் விட்டார். மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த வராந்தாவில் போனாள், வந்தாள். வலி வரும்போது இருவரும் நிற்பார்கள், விட்டதும் நடப்பார்கள். சுந்தரவல்லிக்கு மூட்டு வலி உண்டு. அன்றைக்கு அவள் ஒரு தடவைகூட உட்காரவில்லை.

வெயில் தாழ்ந்ததும் பெண் குழந்தை பிறந்தது. அறுக்கவில்லை. வாசலில் நின்ற எங்களுக்கு அழுகைச் சத்தம் கேட்டது. சுந்தரவல்லி இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் யாரும் வெளியே வரவில்லை. ஒரு நர்ஸ் வேகமாக வெளியே வந்து, பிளட் பேங்குக்குச் சொல்லச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

உள்ளே நடந்ததை இந்துப்ரியா பிறகு சொன்னாள். நஞ்சுக்கொடி வந்த பிறகு இரத்தம் நிற்கவில்லை. டாக்டர் அவள் அடிவயிற்றில் கையை வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தார். கருப்பை சுருங்கி இரத்தக் குழாய்களை இறுக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் அங்கே இரத்தம் உறைந்து அடைக்கும் என்று அவளிடமும் பேசிக்கொண்டே இருந்தாராம். சுருங்குவதற்கு ஊசி போட்டார்கள். இரத்தம் உறைவதற்கான மருந்தையும் எடுத்து வைத்துவிட்டு நர்ஸ் கேட்டாள், "போடவா மேடம்?"

"இரு. இவங்களுக்கு அது யோசிச்சுப் போடணும். கைக்குப் பக்கத்துலயே வச்சிரு." பிசைந்த கையை எடுக்காமலே டாக்டர் அவள் பக்கம் திரும்பி, "இந்து, கண்ண மூடாத. எங்கிட்ட பேசு," என்றார்.

"என்ன பேசட்டும்?"

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எப்படி ஓட்டணும், சொல்லு."

அவள் சொன்னாளாம். குளிர் எடுத்ததாம், பல் கிட்டிக்கொண்டதாம். எதிலிருந்து ஆரம்பித்தோம், எங்கே விட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லையாம். எப்போதோ டாக்டரின் கை மெதுவானது. "கருப்பை கெட்டியாயிருச்சு," என்றார். அவருடைய வலது கை முழங்கை வரை மரத்துப்போயிருந்தது என்று பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாராம். எடுத்து வைத்த மருந்து தேவைப்படவில்லை. ஏற்றியது ஒரு பாட்டில் இரத்தம் மட்டும்தான்.

அது முடிந்ததும் நிம்மதியாக இருந்துவிட முடிந்ததா என்றால், இல்லை. மறுநாளே மறுபடி ஊசி. பிரசவமான பெண்ணுக்கு இரத்தம் இன்னும் எளிதாக உறையும் என்பதால் இந்த ஆறு வாரம்தான் காலிலும் நுரையீரலிலும் கட்டி விழுகிற காலம். நேற்று நிற்காமல் போன இரத்தத்தை இன்று உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஊசியைக் கையில் எடுத்தாள், போட முடியவில்லை. இத்தனை மாதமும் தானே குத்திக்கொண்டவளுக்குத் திடீரென்று கை எழவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெங்கடேஷ்பாபு கை கழுவிக்கொண்டு வந்தான். "எங்க குத்தணும்னு சொல்லு," என்றான். ஆறு வாரம் முடியும்வரை அவன்தான் போட்டான். முதல் சில நாள் போட்டு முடித்ததும் தரையில் உட்கார்ந்துகொள்வானாம்.

ரம்யாஸ்ரீ என்று பெயர் வைத்தார்கள். இந்துப்ரியா மைதானத்துக்குத் திரும்பிவிட்டாள். நோய் போய்விடவில்லை. அது அவளுடைய இரத்தத்திலேயே இருக்கிறது, இருக்கும். வெளியூர் போனால் பஸ் நிற்கிற இடமெல்லாம் இறங்கி நடப்பாள். கால் கொஞ்சம் வீங்கினாலும் டாக்டரிடம் ஓடுவாள். வீங்கவில்லையென்றாலும் இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வாள்.

போன மாதம் நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, இப்போதுதான் நடை பழகிய ரம்யாஸ்ரீ வாசற்படி தடுக்கி விழுந்தாள். உதட்டில் பல் பட்டு இரத்தம் கொட்டியது. சுந்தரவல்லி பதறி எழுந்தாள். அதற்குள் இந்துப்ரியா பிள்ளையை வாரி எடுத்து, சுத்தமான துணியை மடித்து உதட்டில் அழுத்திப் பிடித்தபடி வீட்டுக்குள் நடந்தாள். அம்மாவின் நோய் பிள்ளைக்கு வர வேண்டுமென்பதில்லை என்று டாக்டர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவள் முகம், இரத்தம் பட்ட அன்று ஆட்டோவில் இருந்த முகமாகிவிட்டது. 

துணியை எடுத்துப் பார்த்தாள். இன்னும் கசிந்தது. மறுபடி அழுத்தினாள். அழுது ஓய்ந்த குழந்தை அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. மறுபடி எடுத்துப் பார்த்தாள். கீழ் உதட்டில் கடுகளவுக்குக் கருஞ்சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

"நின்னுருச்சு," என்றாள்.

பிறகும் அவள் உட்காரவில்லை. பிள்ளை இறங்கவேண்டும் என்று கையைக் காலை உதைத்தது. கீழே விட்டாள். அது நேராக அதே வாசற்படியைப் பார்த்து ஓடியது, அவள் பின்னால் ஓடினாள்.